கையில் எடுத்துப் போகும் சோலார் செட்: ரெடிமேடா, நாமே கோர்ப்பதா?

கேள்வி

வணக்கம். கரண்ட் இல்லாத இடங்களில் மூன்று, நான்கு நாள் தங்கி வேலை பார்க்க ஒரு சோலார் செட் தேவைப்படுகிறது. காரில் போகும், இறக்கி வைப்பது ஒரே ஆள். ஓட வேண்டியவை இவை: 60 வாட் லேப்டாப் நாளுக்கு 5 மணி நேரம், 7 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு 5 மணி நேரம், 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரவு 8 மணி நேரம், 10 வாட் ரூட்டர் 10 மணி நேரம். போன், கேமரா பேட்டரி சார்ஜ் எல்லாம் சேர்த்து 80 வாட்-ஹவர். எப்போதாவது 400 வாட் டிரில் மெஷின் பத்து நிமிடம்.

1000 வாட்-ஹவர் பவர் ஸ்டேஷன் (பேட்டரி, கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே பெட்டியில் வருவது) ஒன்றும் 200 வாட் மடக்கு பேனலும் வாங்கினால் போதுமா? இல்லை, 12 வோல்ட் 100 ஏஹெச் லித்தியம் பேட்டரி, எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனலிலிருந்து முடிந்தவரை எடுத்து பேட்டரியை சார்ஜ் செய்வது), இன்வெர்ட்டர் (பேட்டரியின் டி.சி.யை ஏ.சி. ஆக்குவது) என்று தனித்தனியாக வாங்கிக் கோர்க்கலாமா? மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், வயரிங் அடிப்படையும் தெரியும். 100 வாட் கண்ணாடி பேனல் மூன்று கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் வி.ஓ.சி. (எதையும் இணைக்காதபோது வரும் வோல்டேஜ்) 22.5 வோல்ட், ஐ.எஸ்.சி. (இரு முனையையும் ஷார்ட் செய்தால் ஓடும் கரண்ட்) 6 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது.

பதில் 1

வாங்குவதா கோர்ப்பதா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் சாமான்களை 230 வோல்ட் ஏ.சி.யில் ஓட்டப் போகிறீர்களா, நேராக டி.சி.யிலா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பேட்டரி அளவு, பேனல் அளவு எல்லாமே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

நீங்கள் கொடுத்த பட்டியலைக் கூட்டினால் டிரில் இல்லாமல் 774 வாட்-ஹவர், டிரில்லோடு 841. எல்லாவற்றையும் ஏ.சி. பிளக்கில் செருகினால் இன்வெர்ட்டரில் சுமார் 13 சதவீதம் போகும். அப்போதே 967 ஆகிவிட்டது. அதோடு இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே 10 முதல் 15 வாட் குடிக்கும். ரூட்டருக்காகவும் ஃபேனுக்காகவும் நாளுக்கு 15 மணி நேரம் ஆனில் வைத்தால் இன்னும் 180 வாட்-ஹவர் காலி. ஆக, பேட்டரியிலிருந்து போவது ஏறக்குறைய 1150.

அதே சாமான்களை லேப்டாப் டைப்-சி பி.டி.யில் (யு.எஸ்.பி. வழியாக அதிக வாட் தரும் வகை), விளக்கு, ஃபேன், ரூட்டர் 12 வோல்ட்டில் என்று ஓட்டி, டிரில் பிடிக்கும் பத்து நிமிடம் மட்டும் இன்வெர்ட்டரை ஆன் செய்தால் 910-க்குள் அடங்கும். மிச்சமாகும் 240 வாட்-ஹவர் என்பது ஒரு 100 வாட் பேனல் நாள் முழுக்கத் தருவதில் முக்கால் பங்கு. (பேனல் கணக்குக்கு 4.5 மணி நேர முழு வெயில், வெப்பம், தூசி, சாய்வு எல்லாம் போக 70 சதவீதம் என்று எடுத்திருக்கிறேன். அதாவது 100 வாட்டுக்கு நாளுக்கு 315 வாட்-ஹவர்.)

இப்போது 1000 பவர் ஸ்டேஷனையும் 200 வாட் பேனலையும் சேர்த்துப் பாருங்கள். பேனல் தருவது 630. ஏ.சி.யில் ஓட்டினால் முழு சார்ஜோடு தொடங்கியும் இரண்டாம் நாள் இரவில் அணைந்துவிடும். டி.சி.யில் ஓட்டினால் நல்ல வெயிலில் மூன்று நாள் தாண்டும், நான்காம் நாள் இரவு இழுக்காது. நடுவில் ஒரு நாள் மேகமூட்டம் வந்தால் அதுவும் கிடையாது. கையில் இருக்கும் மூன்று பேனல்களையும் முழுதாகப் பயன்படுத்தினால் 945 கிடைக்கும், டி.சி. செலவுக்கு அது சரியாக ஈடு. எனவே மடக்கு பேனல் வாங்கவே வேண்டாம். மடக்கு பேனலில் துணி, ஜிப், மடிப்பு ஓரம் எல்லாம் சீக்கிரம் தேயும். எடையும் நினைப்பது போல் இறகு அல்ல, 200 வாட் என்றால் 7 முதல் 9 கிலோ வரை வரும்.

என் கருத்து: ஒரே ஆள் தூக்க வேண்டும், தங்குவது மூன்று, நான்கு நாள் என்றால் ரெடிமேட் பவர் ஸ்டேஷன். எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி உள்ள 1000 வகை 11 முதல் 15 கிலோவுக்குள் வரும். கோர்த்தால் பேட்டரி மட்டுமே 11, 12 கிலோ. இன்வெர்ட்டர், கன்ட்ரோலர், பெட்டி, கேபிள் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டிவிடும்.

பதில் 2

மேலே உள்ள கணக்கு சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. இவருடைய சுமையில் பத்தில் ஒன்பது பங்கு டி.சி.யில் ஓடக்கூடியது. பேனலும் கையில் இருக்கிறது. இப்படிப்பட்டவர் பவர் ஸ்டேஷன் வாங்கினால், பெரும்பாலும் அணைத்தே கிடக்கப் போகும் ஒரு பெரிய இன்வெர்ட்டருக்குத்தான் காசு கொடுக்கிறார். அதோடு பவர் ஸ்டேஷனில் பேட்டரி, பி.எம்.எஸ். (செல்களைக் காக்கும் சர்க்யூட்), கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே உடம்பு. ஒரு போர்டு போனால் மொத்தமும் முடங்கும். கோர்த்த செட்டில் கன்ட்ரோலர் போனால் கன்ட்ரோலரை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு நிபந்தனை உண்டு. தனி செல்களை வாங்கி பி.எம்.எஸ். கட்டும் வேலை முதல் தடவையே வேண்டாம். செல்களை 3.65 வோல்ட்டில் டாப் பேலன்ஸ் செய்வது (எல்லா செல்லையும் ஒரே அளவு முழுதாக நிரப்புவது), இறுக்கிக் கட்டுவது, சென்ஸ் வயர் வரிசை மாறாமல் பார்ப்பது எல்லாம் தனி வித்தை. பி.எம்.எஸ். உள்ளேயே இருக்கும் 12.8 வோல்ட் 100 ஏஹெச் எல்.எஃப்.பி. பேட்டரியாக வாங்குங்கள். 1280 வாட்-ஹவர்; 90 சதவீதம் எடுத்தால் 1150, வெயிலே இல்லாத ஒரு நாளைத் தாங்கும். பி.எம்.எஸ். தொடர்ச்சியாக 100 ஆம்பியர் தர வேண்டும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு இருக்க வேண்டும். அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் ஆனோடின் மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும்.

கன்ட்ரோலர் 100 வோல்ட், 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. 300 வாட்டை 13 வோல்ட்டால் வகுத்தால் 23 ஆம்பியர், எனவே 20 ஆம்பியர் வகை கொஞ்சம் வெட்டும். இன்வெர்ட்டர் 600 வாட் ப்யூர் சைன் (வீட்டு கரண்ட் போலச் சீரான அலை தருவது). மாடிஃபைட் சைன் வேண்டாம், டிரில்லின் வேகக் கட்டுப்பாட்டு சர்க்யூட்டும் சில அடாப்டர்களும் அதில் சூடாகும். 600 வாட்டில் பேட்டரியிலிருந்து 57 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 16 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள், ஒரு மீட்டருக்குள், 80 ஆம்பியர் ஃபியூஸ். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 6 ஸ்கொயர் எம்எம், 40 ஆம்பியர் ஃபியூஸ். பேட்டரியிலிருந்து பிளேடு ஃபியூஸ் பாக்ஸுக்கு 6 ஸ்கொயர் எம்எம், 30 ஆம்பியர் ஃபியூஸ். பாக்ஸுக்குள் விளக்குக்கு 5, ஃபேனுக்கு 5, ரூட்டருக்கு 3, 100 வாட் பி.டி. சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர். பி.டி. வயர் 2.5 ஸ்கொயர் எம்எம், மற்றவை 1.5.

மெயின் ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவ் முனையிலேயே உட்கார வேண்டும். அதிகபட்சம் ஒரு சாண் தள்ளி. ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் கேபிள் துண்டுக்குக் காவலே கிடையாது என்பதுதான் காரணம். ஃபியூஸ் வகையும் முக்கியம். எல்.எஃப்.பி. பேட்டரியை ஷார்ட் செய்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண பிளேடு ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே ஆர்க் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி) நின்று எரியலாம். பேட்டரி முனையில் நேராகப் பொருந்தும் எம்.ஆர்.பி.எஃப். ஃபியூஸ் 12 வோல்ட்டுக்கு 10,000 ஆம்பியர் வரை அறுக்கும், ஒற்றை 100 ஏஹெச் பேட்டரிக்கு அது போதும். வீட்டு ஏ.சி. எம்.சி.பி.யை இந்த இடத்தில் போடாதீர்கள். ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் ஆர்க் தானாக அணையும், டி.சி.யில் அந்த வசதி இல்லை.

லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்) பொருத்தும் இடத்தில்தான் பாதி செட் கெடுகிறது. பேட்டரி முனையின் தட்டையான பரப்பின் மேல் நேராக லக், அதன் மேல் வாஷர், ஸ்ப்ரிங் வாஷர், பிறகு போல்ட். வாஷரை லக்குக்கு அடியில் வைத்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வழியாக மின்சாரம் போக வேண்டியிருக்கும். அது செம்பை விடப் பல மடங்கு மோசமான கடத்தி. 50 ஆம்பியரில் அந்த முனை கை வைக்க முடியாத அளவு சுடும், பிளாஸ்டிக் மூடி இளகும். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள். சுத்தியலால் தட்டினாலோ ஈயம் ஊற்றினாலோ வண்டி அதிர்வில் இழைகள் முறியும். முடித்த பிறகு கேபிளைப் பிடித்து வலுவாக இழுத்துப் பாருங்கள், துளிகூட நகரக் கூடாது.

எடை 20, 22 கிலோ வரும் என்பது உண்மைதான். அதனால் பேட்டரியை ஒரு பெட்டி, இன்வெர்ட்டர், கன்ட்ரோலர், ஃபியூஸ் பாக்ஸை இன்னொரு பெட்டி என்று பிரியுங்கள். நடுவில் 120 ஆம்பியர் ஆண்டர்சன் வகை கனெக்டர். தனித்தனியாகத் தூக்கினால் இடுப்பு பிழைக்கும்.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. டி.சி.யில் ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். பவர் ஸ்டேஷன் வாங்கினால் இந்த மூன்று பேனல்களையும் அதில் எப்படி இணைப்பது? நான் பார்த்த மாடலில் சோலார் இன்புட் 11 முதல் 60 வோல்ட், 11 ஆம்பியர் என்று இருக்கிறது. ரூட்டரும் ஃபேனும் 12 வோல்ட்தான். அவற்றை நேராக எல்.எஃப்.பி. பேட்டரியில் கொடுத்துவிடலாமா?

பதில் 3

மூன்றையும் சீரிஸில் (ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸில், வோல்ட் கூடும்) போட்டு அந்த மாடலில் செருகினால் இன்புட் போர்டு போய்விடலாம். 22.5 மூன்று தடவை 67.5 வோல்ட், எல்லை 60. குளிர்ந்த காலையில் வோல்டேஜ் இன்னும் ஏறும். லேபிளில் உள்ள வி.ஓ.சி. 25 டிகிரிக்கானது, அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 சதவீதம் கூடும். எனவே எப்போதும் 10 சதவீதம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு சீரிஸ் 45, கூட்டினால் 49.5, பாதுகாப்பு. மூன்று சீரிஸ் 74 வரை போகும். 100 வோல்ட் கன்ட்ரோலருக்கு அது பிரச்சினையே இல்லை.

இங்கே ஒரு விஷயம் பலருக்குக் குழம்பும். ஆம்பியர் எல்லையைத் தாண்டினால் பொதுவாகச் சேதம் வராது, சாதனம் தனக்கு வேண்டிய அளவுதான் இழுக்கும். வோல்ட் எல்லையைத் தாண்டினால் அது தானாக உள்ளே பாய்ந்து உடைக்கும். அதனால் மூன்றையும் பேரலலில் (பிளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாக, ஆம்பியர் கூடும்) போட்டால் 18 ஆம்பியர் கிடைத்தாலும் அந்த மாடல் 11-தான் எடுக்கும். 18 வோல்ட்டில் 11 ஆம்பியர், அதாவது 200 வாட்டோடு நின்றுவிடும். மூன்றாவது பேனல் உச்சி வெயிலில் வீண், காலை மாலையில் மட்டும் உதவும். தவிர, மூன்று பேரலல் என்றால் ஒவ்வொரு பேனலுக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். ஒரு பேனலில் பழுது வந்தால் மற்ற இரண்டும் சேர்ந்து அதற்குள் 12 ஆம்பியரைத் தள்ளும். எந்த அளவு ஃபியூஸ் என்பது பேனல் லேபிளிலேயே அதிகபட்ச சீரிஸ் ஃபியூஸ் என்று இருக்கும்.

கேபிள் இழப்பையும் பாருங்கள். 4 ஸ்கொயர் எம்எம், பேனலிலிருந்து 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர். இரண்டு பேனல் பேரலலில் 11 ஆம்பியர் ஓடினால் 18 வோல்ட்டில் அரை வோல்ட் போகும், 2.7 சதவீதம். அதே இரண்டை சீரிஸில் போட்டால் 36 வோல்ட்டில் கால் வோல்ட்கூட இல்லை, 0.7 சதவீதம்தான். நிழல் இல்லாத திறந்த வெளியில் சீரிஸ். மரக்கிளை, கம்பம் என்று நிழல் நகரும் இடத்தில் பேரலல்.

எம்.சி.4 கனெக்டரில் (பேனல் கேபிள் நுனியில் வருவது) வெவ்வேறு கம்பெனி ஆண், பெண் முனைகளைக் கலக்காதீர்கள். பொருந்துவது போல் இருக்கும், உள்ளே தொடர்பு சரியாக இராது, நாளடைவில் கருகும். வெயிலில் கரண்ட் ஓடும்போது பிடுங்கவும் கூடாது. பேனலைக் கவிழ்த்து வைத்துவிட்டு அல்லது கன்ட்ரோலருக்கு முன்னால் உள்ள டி.சி. ஐசோலேட்டரை அணைத்துவிட்டுப் பிடுங்குங்கள்.

பதில் 2

ரூட்டர் கேள்விக்கு: நேராகக் கொடுக்க வேண்டாம். சார்ஜ் ஏறும்போது எல்.எஃப்.பி. பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும், காலியாகும்போது 11-க்கு இறங்கும். சில ரூட்டர் தாங்கும், சிலது உள்ளே இருக்கும் 16 வோல்ட் கெப்பாசிட்டரை விளிம்பில் வைத்து ஓடிச் சீக்கிரம் சாகும். 12 வோல்ட் 3 ஆம்பியர் பக்-பூஸ்ட் ரெகுலேட்டர் (உள்ளே வரும் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் 12-ஆகவே தருவது) ஒன்று போதும். வெறும் பக் வகை (வோல்டேஜைக் குறைக்க மட்டும் தெரிந்தது) வாங்காதீர்கள், பேட்டரி 13-க்குக் கீழே வந்ததும் அதன் அவுட்புட்டும் 12-க்குக் கீழே தொங்கும். ஃபேனுக்கு லேபிளைப் பாருங்கள். 10 முதல் 15 வோல்ட் என்று எழுதியிருந்தால் நேராகவே ஓடும்.

கன்ட்ரோலர் செட்டிங்: சார்ஜ் 14.2, ஃப்ளோட் (நிறைந்த பிறகு வைத்திருக்கும் வோல்டேஜ்) 13.5, ஈக்வலைசேஷன் (அவ்வப்போது வோல்டேஜை ஏற்றிச் செல்களைச் சமன் செய்வது) ஆஃப், டெம்பரேச்சர் காம்பென்சேஷன் (வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜை மாற்றுவது) ஆஃப். கடைசி இரண்டும் லெட்-ஆசிட் பேட்டரிக்கானவை. ஆனில் விட்டால் குளிரில் வோல்டேஜை ஏற்றி பி.எம்.எஸ்.ஐ டிரிப் செய்யும்.

பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதை வோல்ட்மீட்டரில் பார்க்க முடியாது. எல்.எஃப்.பி. முக்கால்வாசி நிறைந்திருந்தாலும் பாதிக்குக் கீழே இருந்தாலும் 13.1, 13.2 என்றே காட்டும். நெகட்டிவ் லைனில் ஷன்ட் (ஓடும் ஆம்பியரை அளக்க உதவும் ரெசிஸ்டர்) போட்ட மீட்டர் வேண்டும். எல்லா நெகட்டிவும் ஷன்ட்டைத் தாண்டித்தான் பேட்டரிக்குப் போக வேண்டும். ஒன்றை மட்டும் நேராக பேட்டரி முனையில் கட்டினால் கணக்கு அன்றே தவறிப் போகும்.

பதில் 1

நீங்கள் பவர் ஸ்டேஷன் பக்கம் சாய்ந்தால், பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட்டை விட்டுவிட்டு மேனுவலில் இவற்றைத் தேடுங்கள். 12 வோல்ட் அவுட்புட் ரெகுலேட்டடா, எத்தனை ஆம்பியர். பெரும்பாலும் 10 ஆம்பியர்தான், உங்கள் ஃபேன், விளக்கு, ரூட்டர் மூன்றும் சேர்ந்து 5-க்குள் வருவதால் பரவாயில்லை. டைப்-சி 100 வாட் தருகிறதா. பவர் சேவிங் மோடை அணைக்க முடியுமா. இது மிக முக்கியம். பல மாடல்கள் சுமை சில வாட்டுக்குக் கீழே இருந்தால் கொஞ்ச நேரத்தில் அவுட்புட்டைத் தானாக மூடும். ரூட்டர் மட்டும் ஓடும் நேரத்தில் நெட் போய்விடும், ஏன் என்றே புரியாது.

வைக்கும் இடமும் பார்க்க வேண்டும். நிழலாக இருக்கிறதே என்று பலரும் பேனலுக்கு அடியிலேயே வைக்கிறார்கள். உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும், அதன் முதுகில் இறங்கும் காற்று கொதிக்கும். செல் 45 டிகிரியைத் தொட்டால் பல மாடல்கள் சார்ஜை நிறுத்திவிடும். சில மீட்டர் தள்ளி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மூடிய காருக்குள்ளும் விடாதீர்கள்.

மூன்று பேனல்களையும் முழுதாக எடுக்க வேண்டுமானால் 100 வோல்ட் வரையாவது தாங்கும் சோலார் இன்புட் உள்ள மாடலைத் தேடுங்கள், அப்போது மூன்றும் சீரிஸில் போகும். அப்படி ஒன்று அமையாவிட்டால் உங்கள் விஷயத்தில் கோர்ப்பதுதான் லாபம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 4

ஏ.சி. பக்கம் இன்னும் யாரும் தொடவில்லை. பவர் ஸ்டேஷனிலும் சிறிய இன்வெர்ட்டரிலும் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு இணைந்திருக்காது. அந்த நிலையில் ஆர்.சி.டி. பிளக் (கரண்ட் லீக் ஆனால் துண்டிப்பது) ஒன்றை நடுவில் போட்டால் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள்; லீக்கேஜ் திரும்பி வர வழியில்லாததால் அது டிரிப் ஆகாது. ஈரமான இடத்தில் இரட்டை இன்சுலேஷன் உள்ள டிரில் மட்டும், ஒரே நேரத்தில் ஒரே கருவி மட்டும். கட்டடத்தின் சுவர் சாக்கெட்டில் இரு முனை பிளக் கேபிளால் இந்த மின்சாரத்தை ஒருபோதும் ஏற்றக் கூடாது. லைன் திரும்ப வந்தால் இன்வெர்ட்டர் வெடிக்கும், லைனில் வேலை பார்ப்பவர் உயிரும் போகலாம்.

விமானத்தில் கொண்டு போகும் எண்ணம் இருந்தால் பவர் ஸ்டேஷன், கோர்த்த செட் இரண்டுமே நடக்காது. 100 வாட்-ஹவர் வரை கைப்பையில், விமான நிறுவனத்தின் அனுமதியோடு 160 வரை. அதற்கு மேல் பயணியோடு போகாது.

பதில் 2

கோர்ப்பது என்று முடிவானால் முதல் தடவை ஆன் செய்யும் வரிசை இது. எல்லா ஃபியூஸும் வெளியே. ஒவ்வொரு பேனலையும் வெயிலில் வைத்து மல்டிமீட்டரில் வி.ஓ.சி. பாருங்கள், சூடான பேனலில் 20, 21 காட்டினால் நல்லதுதான். பிளஸ், மைனஸ் சரியா என்று எம்.சி.4 முனையிலேயே சோதியுங்கள், தயாராக வரும் கேபிளிலும் மாறியிருப்பதுண்டு. பிறகு பேட்டரியை கன்ட்ரோலரில் இணையுங்கள். அது 12 வோல்ட் என்று காட்டிய பிறகே பேனல். மாற்றிச் செய்தால் சில கன்ட்ரோலர்கள் பேனல் வோல்டேஜைப் பார்த்து 24 வோல்ட் சிஸ்டம் என்று எடுத்துக்கொள்ளும். கழற்றும்போது முதலில் பேனல், கடைசியில் பேட்டரி.

இன்வெர்ட்டரை இணைக்கும்போது பட்டென்று பொறி பறக்கும், சில சமயம் பி.எம்.எஸ். ஷார்ட் என்று நினைத்து மூடிவிடும். உள்ளே காலியாக இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே இழுப்பில் நிரம்புவதுதான் காரணம், பேட்டரி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். இன்வெர்ட்டர் சுவிட்ச் ஆஃபில் இருக்க, 30 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை பாசிட்டிவ் லக்குக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே சில நொடி பிடித்துவிட்டு, உடனே லக்கை முனையில் வைத்து முடுக்குங்கள். பொறி வராது.

அதன் பிறகு டிரில்லைத் தொடாமல் 200 வாட் அளவுக்கு ஒரே சீரான சுமையைக் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஒவ்வொரு லக், ஃபியூஸ் ஹோல்டர், கனெக்டரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே கிரிம்ப் அல்லது இறுக்கம் சரியில்லை. அணைத்துவிட்டு அதை மறுபடி செய்த பிறகுதான் 600 வாட்டுக்குப் போக வேண்டும். முதல் பயணம் முடிந்து வந்ததும் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முடுக்கிப் பாருங்கள், புதுச் செட்டில் வண்டி அதிர்வால் கொஞ்சம் தளரும்.